கங்கையம்மன் தூக்கிவிட்ட கை

வீச்சுவலைக்காரனுக்கு வலது தோள் போனால் என்ன மிச்சம்? 1956 ஆடி மாதம் எனக்கு அதுதான் போயிற்று. வைத்திக்குப்பம் கரையில் கட்டுமரத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த அலை மரத்தைத் தூக்கி என் தோளில் அடித்தது. எலும்பு முறிந்து மூட்டும் விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தோளை அறுத்து, எலும்பைச் சேர்த்துத் தைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கையை அசைத்துப் பார்த்தேன். யாருடைய கையோ போலக் கிடந்தது. தெருவே அதிரப் பேசுகிறவன் நான். அன்று சத்தமில்லாமல் அழுதேன். அழுதுகொண்டே எங்கள் குப்பத்துக் கங்கையம்மனிடம் வேண்டினேன்: "தாயே, மாசி மகத்தன்னிக்கு உன்னைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போக இந்தத் தோளைக் குடு. அதுவரைக்கும் இந்தக் கையை வேற எதுக்கும் தூக்க மாட்டேன்."

கட்டைப் பிரித்த டாக்டர், சுவரில் விரலை ஊன்றிக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பழகச் சொன்னார். "சரிங்க முசே" என்று எங்கள் ஊர்ப் பிரெஞ்சு மரியாதையில் தலையாட்டிவிட்டு வந்தேன். செய்யவில்லை. வேண்டுதல் இருக்கிறதே! சோற்றைக்கூட என் மனைவி நாகம்மாள்தான் ஊட்டினாள். வலியினால் என்று அவள் நினைத்தாள். நானோ என் வைராக்கியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கார்த்திகையில் மறுபடி போனபோது தோள் கட்டையாக இறுகியிருந்தது. இடுப்புக்கு மேல் கை வரவில்லை.

"இப்படியே விட்டா இந்தக் கை இனிமே எழும்பாது. ஏன்யா செய்யல?" என்று டாக்டர் கத்தினார்.

வேறு வழியில்லாமல், கூட வந்திருந்த நாகம்மாளும் கேட்க, வேண்டுதலைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ இரண்டு பக்கமும் பயம். கையைத் தூக்கினால் அம்மனுக்குக் குற்றம். தூக்காவிட்டால் அம்மனைத் தூக்கவே கை இருக்காது. அந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

நாகம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். "வேற எதுக்கும் தூக்க மாட்டேன்னுதானே சொன்ன? அவளைக் கும்புடறதுக்குக் கூடவா தூக்க மாட்ட? எழுந்திருய்யா, கோயிலுக்குப் போலாம்."

அன்றே கோயில் சுவரில் விரலை ஊன்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏற்றினேன். அதன்பிறகு காலையும் மாலையும் அதுதான் என் பூசை. மார்கழிக் குளிரில் வலி உயிரை வாங்கியது. "இன்னும் கொஞ்சம், அவ பாத்துட்டுதான் இருக்கா" என்று நாகம்மாள் பக்கத்தில் நின்று விரட்டுவாள். தை பிறந்து ஒரு காலையில் இரண்டு கையும் தலைக்கு மேலே கூடின. பூசாரி ஓடிப்போய் மணியை அடித்தார். அத்தனை நாள் அழாத நாகம்மாள் ஓவென்று அழுதாள்.

மாசி மகம் வந்தது. அம்மன் பல்லக்கின் தண்டை வலது தோளில் தாங்கினேன். கரை கொள்ளாத கூட்டம். என் தாய் என் தோளேறிக் கடலுக்கு வந்தாள்! அன்று நான் போட்ட சத்தத்தில் மீனெல்லாம் கடலூருக்கு ஓடிவிட்டது என்று இன்றும் கேலி செய்கிறார்கள். ஓடவில்லை ஐயா. மறுநாள் வீசிய வலை வட்டமாக விரிந்து விழுந்தது, நிறையவே ஏறியது.

அறுத்துத் தைத்த டாக்டரின் கையிலும், அதட்டிய நாகம்மாளின் வாயிலும் அம்மனே இருந்தாள் என்று இப்போது அறிவேன். அவளிடம் நான் இனி நிபந்தனை பேசுவதில்லை. விடிந்ததும் போய்க் கும்பிடுகிறேன், அவ்வளவுதான்.

துன்பத்தில் இருக்கும் அன்பர்களே, நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள். இன்றே அவளை நோக்கிக் கையைத் தூக்குங்கள். எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு போதும். மிச்சத்தை அவள் தூக்கிக்கொள்வாள்.