நிவேதாவின் ஆறு கோர்

பழவேற்காடு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நிவேதாவிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. சோறு வேகும்போதே துணி துவைப்பாள், துணி ஊறும்போதே போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். கடையிலும் அப்படித்தான். ஒருவருக்கு ரேஷன் கார்டு, இன்னொருவருக்கு வருமானச் சான்று, நடுவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலை. வந்தவரை அப்புறம் வாங்க என்று அனுப்பும் பழக்கமே கிடையாது. எல்லாருடையதையும் தொடங்கிவிடுவாள். முடிப்பது வேறு கதை.

அவளுக்கு அவளுடைய கம்ப்யூட்டர் ஈடுகொடுக்கவில்லை. அதில் இருந்தது இரண்டு கோர் ப்ராசஸர். வீடியோ ஓடினால் மவுஸ் கூட நகராது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொன்னேரியிலிருந்து மோகன்குமாரை வரவழைத்தாள். அவன் அதே போர்டில் ஆறு கோர் ப்ராசஸரை மாட்டினான்.

"கோர்னா வேல செய்ற ஆளுங்க மாதிரிக்கா. ரெண்டு பேரு செஞ்சத இனிமே ஆறு பேரு செய்வாங்க. ஆனா ரேம் நாலு ஜிபிதான் கீது, ஹார்ட் டிஸ்க்கும் பழசு, அதையும்..."

அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. மீதியைக் கேட்க அவளுக்கு ஏது பொறுமை?

முதல் நாள் அமர்க்களம்தான். மூன்று மணி நேரம் இழுக்கும் நிக்காஹ் வீடியோ ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. அது ஓடும்போதே பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தையும் நிரப்பிவிட்டாள். ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சுராயாவிடம், "பாத்தியா, இனிமே நூறு பேரு வந்தாலும் ஒண்ணா முடிச்சிடுவேன்" என்று அளந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மீனவர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது விண்ணப்பங்களையும் ஒன்றாகத் திறந்தாள். ஸ்கேன், போட்டோ என்று மேலும் மேலும் திறந்தாள். மூன்று மணிக்குத் திரை வெளுத்துப்போனது. க்ளிக் செய்தால் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அசைந்தது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாள். ஆறு கோரும் ஏறக்குறைய சும்மா கிடந்தன. ரேம் மெமரிதான் நிறைந்து வழிந்தது. அங்கே இடமில்லாததை எல்லாம் டிஸ்கில் கொண்டுபோய் வைப்பதும் திரும்ப எடுத்து வருவதுமாகப் பழைய டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறியது. ஆறு ஆள் இருந்து என்ன, கைக்கு வேலை வந்து சேர வேண்டாமா? மோகன்குமார் சொல்லவந்த மீதி இப்போது புரிந்தது. கோபம் என்னவோ அவன்மேல்தான் வந்தது.

வாசல் பெஞ்சில் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தான் அதே குப்பத்து இளவழகன். அந்தக் குப்பத்து ஆட்கள் ஏரியில் பாடு, அதாவது முறை வைத்து வலை போடுகிறவர்கள். அன்றைக்கு யார் முறையோ அவர்தான் அந்த இடத்தில் வலை விரிக்கலாம், மற்றவர் கிட்டே போக மாட்டார். கடையிலும் அவனுக்கு அதே நியாயம். முன்னால் ஒன்பது பேர் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. நாலே முக்காலுக்கு அவன் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்த சுராயாதான் அலறினாள்.

"நிவேதா! இவரு பொண்ணு வைஷ்ணவிக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்குடி. அஞ்சு மணிக்குள்ள ஆன்லைன்ல உறுதி பண்ணலன்னா போயிடுமாம்!"

"இன்னாண்ணா இது? இம்மா நேரம் குந்திக்கினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எம் முற வரலியேம்மா."

சுராயா தன் போனில் முயன்றாள், அந்த இணையப் பக்கம் அதில் திறக்கவே இல்லை. திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடினால்தான் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். மூடினால் ஒன்பது பேருடையதும் போய்விடும், சேமிக்க வழியில்லை. அவர்களில் பெரியவர் பொன்னுரங்கத்துடையது கடைசிப் பக்கத்தில் நின்றது.

"எம்மா, எனுது முடிஞ்சிபோச்சேம்மா!"

"மன்னிச்சிக்க மாமா" என்று சொல்லி நிவேதா எல்லாவற்றையும் மூடினாள். ஒரே ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது உடனே வந்தது. நாலு ஐம்பத்தேழுக்கு வைஷ்ணவியின் இடம் உறுதியானது. ரசீதை அச்செடுத்து இளவழகனிடம் கொடுத்தாள்.

பொன்னுரங்கம் யாரையும் திட்டவில்லை. "இன்னிக்கி எம் பாட்ட விட்டுட்டு வந்தேன். நாளும் போச்சி, இதுவும் போச்சி" என்று மட்டும் சொன்னார்.

இளவழகன் அவர் எதிரில் போய் நின்றான். "நாளைக்கி எம் பாடு மாமா. நீங்க வல போடுங்க. உங்க முறயத்தான நான் எடுத்துக்கினேன்."

அவர் மறுக்காமல் தலையாட்டினார். அவனுக்கு மறுபடி முறை வர இருபது நாளாகும் என்பது நிவேதாவுக்கும் தெரியும்.

"தப்பு எனுதுண்ணா. நான்தான் எல்லாத்தியும் ஒண்ணா தொறந்து வெச்சி..."

"பொண்ணு படிக்கப் போவுதும்மா" என்றான் இளவழகன். அவள் சொன்னது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ரசீதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி படியிறங்கிப் போனான். நிவேதாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.