சாம் அண்ணனுக்கு எடுத்த அட்டை

புத்தாண்டு பிறந்ததும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதும். தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும்... அது காதுக்கான சத்தம் இல்லை. அடிவயிற்றில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும்.

இந்த வருஷம் அது கேட்டபோது, எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

எதிர்வீடு ரூபி அக்காவுடையது. அவருடைய கணவர் சாம் அண்ணன், கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வரும் டக் படகில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். டிசம்பர் கடைசி ராத்திரி என்றால் அவருக்கு டூட்டிதான். "அத்தனை ஊதுறதுலயும் நம்ம ஆளு ஊதுறது தனியாத் தெரியும்லா?" என்பார் அக்கா. போன மார்ச்சில் டூட்டிக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அக்கா கோயில் பக்கம் போகவில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர்! கேட்டால், "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுறதில்ல தம்பி" என்பார். அந்த இன்னொருவர் யாரென்று நான் கேட்டதில்லை. நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள்தானே?

துக்க வீட்டில் அந்த வருஷம் பலகாரம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜனவரி ஒன்று காலை, கேக்கோடு போய் உட்கார்ந்திருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. தாசையா அண்ணாச்சி — எங்கள் கோயிலில் மணியடிக்கிறவர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனையில், வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு எது வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் கடவுள் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். வரமுடியாதவர்களுக்கு அண்ணாச்சி எடுத்து, வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினார். இரண்டு அட்டைகள்.

"ஒன்னு எனக்கு. இன்னொன்னு யாருக்கு அண்ணாச்சி?"

அவர் முகம் விழுந்துவிட்டது. இருபது வருஷமாக, டூட்டியில் இருக்கும் சாம் அண்ணனுக்கென்று அட்டை எடுத்த கை அது. இந்த வருஷமும் தன்பாட்டுக்கு எடுத்துவிட்டது.

"ஐயய்யோ... கைப்பழக்கம் தாயி. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. குடு, அடியில இருக்கிறதைக் குடு."

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "போன வருஷமும் ஒன்னு கொண்டாந்து குடுத்தியளே, மூணு மாசம் தாங்கிச்சா? இப்ப செத்தவருக்கு என்ன வாக்குத்தத்தம் வேண்டிக் கெடக்கு?"

கோபம்தான். ஆனால் எனக்கு — ஒத்துக்கொள்கிறேன் — வெட்கமில்லாத ஆர்வம். இந்த அட்டை செல்லுமா, செல்லாதா? இறந்துபோனவரிடம் 'இந்த வருஷம்' என்று கடவுள் எதைச் சொல்வார்? அவருக்கு ஏது வருஷம்?

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் பாஸ்டர் ஐயாட்டதான் கேக்கணும். நான் மணியடிக்கிறவன்... ஆனா ஒன்னு தாயி. கல்லறைத் தோட்டத்துச் சாவியும் என்கிட்டதான் இருக்கு. அங்க படுத்திருக்கிறவங்க எந்திரிப்பாங்கன்னுதான நாம எல்லாரும் சொல்லுதோம்? எந்திரிக்கப் போறவருக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூடவா இருக்காது?"

சொல்லிவிட்டு அவரே மிரண்டுபோனார். அதிகம் பேசிவிட்டோமோ என்று.

அக்கா அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. உதடு அசைந்தது. கண்ணைத் துடைத்த வேகத்தில் ஒரு சிரிப்பும் வந்தது.

"என்னக்கா போட்டிருக்கு? காட்டுங்களேன்."

"அவருக்கு வந்தது உனக்கு எதுக்குலே?"

இன்று வரை எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் மனசு அரிக்கிறது.

நம்பிக்கை என்பது விளக்கேற்றிக்கொண்டு, முறையாகக் கதவைத் தட்டி வரும் என்று எவர் சொன்னது? சிலசமயம் ஒரு வயசாளியின் மறதியில் ஏறி, சைக்கிளில் வந்து இறங்குகிறது.

அண்ணாச்சி கிளம்பினார். வாசல்வரை போன அக்கா, சாம் அண்ணனின் அட்டையை இடது கையில் இறுக்கிக்கொண்டு, தனக்கு வந்ததைத் திருப்பியும் பார்க்காமல் அவர் பையில் திருப்பிச் செருகினார்.

"இதைக் கொண்டுபோய்த் தட்டுல போடுங்க. ஞாயித்துக்கிழம வாரேன். என்னுத நானே எடுத்துக்கிடுதேன்."