ஹெல்தூரின் காது

விறகு வண்டியின் உச்சியில் கிடக்கும் கட்டையை ஹெல்தூர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, யார் கண்ணிலும் படவேண்டாம் என்று வண்டிக்காரன் எதை எங்கே புதைத்திருப்பானோ அங்கிருந்து இரண்டை உருவுவார். தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டு, இரண்டையும் வலது காதருகே பிடித்துத் தட்டுவார். கணீரென்றால் காய்ந்தது, பொத்தென்றால் பச்சை. முடிவை மட்டும் உடனே சொல்லிவிடமாட்டார். "கட்டை பேசும்போது குறுக்க பேசாதே" என்று, அதுவரை வாயே திறக்காத வண்டிக்காரனை ஒரு அதட்டுப் போடுவார்.

பனி பெய்யும் வோரு ஊரில், ஏரிக்குப் போகும் எங்கள் தெருவில் மர வீடுகள் ஐந்து. ஐந்திலும் செங்கல் கணப்புதான். செப்டம்பரில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே வண்டி விறகு வாங்குவோம். அது ஈரமாக வாய்த்துவிட்டால் கதை கந்தல். கட்டையின் முனையில் நுரை கட்டும், சீறும், புகைபோக்கி முழுக்கத் தார் போலக் கீல் படியும். ஜனவரியில் கணப்புச் சுவரில் முதுகைச் சாய்த்தால், சுவர் நம்மிடமிருந்து சூடு வாங்கிக்கொள்ளும். அதனால் ஹெல்தூர் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லாத விறகு எங்கள் தெருவில் இறங்காது.

எழுபத்து நான்கு வயது. கால்சட்டைக்கு இரண்டு வார் போட்டிருப்பார், ஒன்று அறுந்தால் இருக்கட்டும் என்று இடுப்பில் ஒரு கயிறும் கட்டியிருப்பார். விறகைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். "பிர்ச் மரம் மாப்பிள்ளை மாதிரி, நம்பிப் பொண்ணு குடுக்கலாம். ஆல்டர் நல்ல வேலைக்காரன், எரியும்போதே புகைபோக்கியைத் துடைச்சிட்டுப் போயிடும். ஆஸ்பென் கட்டையே இல்ல, காகிதம். ஃபிர் இருக்கே, பேச்சு ஜாஸ்தி வேலை கம்மி. எங்க அண்ணன் மாதிரி." அண்ணன் தலைநகர் தல்லினில் ஏதோ அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இந்த வாக்கியத்தை நேரிலேயே கேட்டுவிட்டுப் போவார்.

இவருக்குக் காது கேட்காது என்பதை நான் மூன்று வருஷம் முன்பு கண்டுபிடித்தேன்.

அவர் தட்டிக்கொண்டிருக்கும்போது மரம் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் உறுமிக்கொண்டு திரும்பியது. பக்கத்தில் நின்ற எனக்கு என் இருமலே கேட்கவில்லை. ஹெல்தூரோ அந்த இரைச்சலுக்கு நடுவே தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "நடுவுல ஈரம்" என்றார். பிளந்து பார்த்தோம், ஈரம்தான். அன்றிலிருந்து நான் கட்டையை விட்டுவிட்டு அவர் பார்வை போகும் இடத்தைக் கவனித்தேன். அது வண்டிக்காரனின் கட்டைவிரலில் இருந்தது. பொய்க்காரர்கள் விரலைத் தேய்ப்பார்கள், தொண்டைக் குழி ஏறி இறங்கும், காது மடல் சிவக்கும். எங்கள் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாண நாளும் பல் பிடுங்கும் நாளும் அதற்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரில் காது மடலைப் படிக்கிற ஆள் இவர்.

முப்பது வருஷம் மரச்சாமான் தொழிற்சாலையில் அலறும் பட்டை ரம்பத்தின் பக்கத்தில் நின்ற மனிதருக்குக் காது எப்படி மிஞ்சும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார். எங்கள் ஊரில் அதற்காக யாரையும் சந்தேகப்படுவதில்லை.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இந்தத் தெருவில் வேலையில்லாமல் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவது கிடையாது. விறகு வாங்கும் மாதத்தில்தான் எதிர்வீட்டு சல்மே அவருக்கு முட்டைக்கோஸ் அடை எடுத்துக்கொண்டு போவாள், மற்றவர்கள் காபிக்குக் கூப்பிடுவார்கள். காது போச்சு என்று தெரிந்தால் அந்த ஒரு மாதமும் போய்விடும். அவர் மீது எனக்குப் பிரியம் உண்டு, சொல்லிக்கொண்டதில்லை.

போன செப்டம்பரில் வழக்கமான வண்டிக்காரர் தொழிலை விட்டுவிட்டார். கைரே என்று நாற்பது வயதுப் பெண்மணி டிராக்டரில் விறகு கொண்டுவந்தாள். தொப்பியைப் புருவம் வரை இறக்கியிருந்தாள், காது உள்ளே. கையில் தடித்த உறை, விரல் உள்ளே. கழுத்தில் சுற்றுத்துணி, தொண்டைக் குழியும் உள்ளே. வெளியே தெரிந்தது ஆப்பிள் மெல்லும் வாய் மட்டும்தான்.

ஹெல்தூர் தட்டினார். அவளைப் பார்த்தார். வேறு இரண்டை எடுத்துத் தட்டினார். அவள் மென்றாள். ஐந்தாவது ஜோடிக்கு அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"என்ன ஹெல்தூர், இன்னைக்குக் கச்சேரியா?" என்றாள் சல்மே.

சத்தம் கணீரென்றுதான் இருந்தது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கைரே ஆப்பிள் மெல்லுவதை நிறுத்தினாள். ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். மெல்ல அவர் முதுகுப் பக்கம் போய், "பெரியவரே, உங்க கயிறு அவுந்து தொங்குது" என்றாள்.

தோட்டத்து வேலியோரம் நின்ற எனக்கே கேட்டது. ஹெல்தூர் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் சுற்றி வந்து முன்னால் நின்றபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் கிடைத்தது, அதைப் பொய்க்காரியின் சிரிப்பாகக் கப்பென்று பிடித்துக்கொண்டார் ஹெல்தூர்.

"ஈரம்," என்று தெருவுக்கே அறிவித்தார். "திருப்பி எடுத்துட்டுப் போ."

"யோவ், இதை விட்டா அக்டோபர்ல யார்கிட்டப் போய் நிக்கிறது?" என்று பதறினாள் சல்மே. ஐந்து வீட்டின் குளிர்காலமும் டிராக்டரோடு திரும்பிப் போகப்போகிறது. கைரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், விறகு இறங்கிவிடும், ஹெல்தூரின் மானமும் சேர்ந்து இறங்கிவிடும். அவள் வாயைத் திறந்தாள். என் பக்கம் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவள் கோடாலியை எடுத்து, வண்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு கட்டையை உருவி ஒரே போடில் பிளந்தாள். பாதியை எடுத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்: "உங்க காது சரியாத்தான் புடிச்சிருக்கு பெரியவரே. நீங்க தட்டின பக்கம் தார்ப்பாய் ஓட்டை, வர்ற வழியில மழை இறங்கிடுச்சு. மேலாக நனைஞ்சதுதான், நாலு நாள்ல காஞ்சிடும். இது உள்பக்கம், இதையும் ஒரு தடவை பாத்துடுங்க."

சல்மே வானத்தைப் பார்த்தாள். பத்து நாளாக ஒரு தூறல் கிடையாது. அந்த வண்டியில் தார்ப்பாயும் கிடையாது.

ஹெல்தூர் கைரேயின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டி, பிளந்த கட்டையின் உள்பக்கத்தை அவர் கன்னத்தில் வைத்தாள். பச்சையாக இருந்தால் சில்லென்று ஒட்டும், காய்ந்ததென்றால் ஒட்டாது. அவர் அதைத் தன் கையால் வாங்கிக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டார். பிறகு மூடிய கண்களைத் திறக்காமலே, இன்னொரு கையை நீட்டி வண்டியை உள்ளே வரச்சொல்லி அசைத்தார்.