பழனி கற்றுக்கொண்ட வார்த்தை

போன வாரம் சேலத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் கூட்டம். பிள்ளைகள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை – மீசை வைத்தவர்கள், சேலை கட்டுகிறவர்கள். பேச வந்த டாக்டரம்மா, "உடம்பைப் பத்தி, ஆசையைப் பத்தி, யார் தொடலாம், யார் தொடக்கூடாதுங்கிறதைப் பத்தி வீட்லயே சொல்லிக் கொடுங்க" என்றார்.

முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எதுக்குங்க அதெல்லாம்? என்ற பையன் பச்சப்புள்ளைங்க. இல்லாததை நாமளே எதுக்குங்க கௌப்பி விடோணும்?"

பச்சப்புள்ளைக்கு வயசு இருபத்து நாலாம்!

ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இதே பேச்சை எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊரான இளம்பிள்ளையில், எதிர்வீட்டு ராசம்மாவின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பழனியின் அம்மா.

பழனிக்கு என் வயசுதான். நான் காலேஜில் கடைசி வருஷம். அவன் வீட்டுத் தறியில் அப்பாவுக்கு ஒத்தாசை. ஆட்டிசம் என்ற வார்த்தை அப்போது எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. "அவன் ஒரு மாதிரிங்க" என்பார்கள். அந்த 'ஒரு மாதிரி'க்குள் எல்லாம் அடக்கம்.

முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். பேசுவதே கொஞ்சம்தான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவருவான். ஆனால் தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவான்! ரொம்பப் பிடித்தது ஜரிகை பார்டர். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான். அப்போது அவன் முகத்தில் ஒரு சாந்தம் வரும் பாருங்கள்... வேறு எப்போதும் நான் அதைப் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலை நெய்கிற ஊர். சேலையைத் தொட்டுப் பார்ப்பது அங்கே தப்பே இல்லை. வியாபாரி முந்தானையை நெருடிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பெண்கள் அதற்கும் மேலே. கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில் – முன்பின் தெரியாதவள் கட்டியிருக்கிற சேலையின் முந்தானையை இழுத்து, விரலால் தேய்த்து, "எங்கெடுத்தீங்க? என்ன வெலைங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊர், பேர் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். பழனி பிறந்ததிலிருந்து பார்த்தது இதைத்தான்.

ஒரு நாள் காலை, சேலம் டவுன் பஸ். நான் காலேஜுக்கு. பழனி ஜரிகைக் கடைக்கு. அது ஒன்றுக்கு மட்டும் அவனைத் தனியாக அனுப்புவார்கள். கடைக்காரருக்கு அவனைத் தெரியும், வழக்கமான கண்டக்டருக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்துக் கண்டக்டர் புதுசு.

என் முன் சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற ஒரு பெண், மயில்கழுத்துக் கலர் பட்டுச் சேலையில். பக்கத்தில் இருந்த அம்மா வழக்கம்போல முந்தானையை நெருடி, "நம்மூருச் சேலையாட்ட இருக்குதுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். அந்த அம்மா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். கம்பியைப் பிடித்து நின்றிருந்த பழனி குனிந்தான். அவனும் அதே முந்தானையை எடுத்து, அதே மாதிரி தேய்த்தான்.

"என்னங்க இது?" என்றாள் அவள். அவன் விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும்... முகத்தைப் பார்க்கிற ஆளாக இருந்தால்தானே! அவள் வெடுக்கென்று இழுத்தாள். அவன் விரலும் கூடவே போய் அவள் தோளில் பட்டது. அலறிவிட்டாள்.

அப்புறம் நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆளாளுக்குச் சாத்தினார்கள். "எங்க எதிரூட்டுப் பையனுங்க... ஒண்ணும் தெரியாதுங்க" என்று நான் போட்ட கத்தல் யார் காதிலும் ஏறவில்லை. உதட்டில் ரத்தத்தோடு அவனை இறக்கிவிட்டார்கள். நானும் கூடவே இறங்கினேன். அவன் அழவில்லை. அடித்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பிடித்த இடத்தைத்தான் – மணிக்கட்டை, கழுத்தை – தேய்த்துக்கொண்டே நடந்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணுக்கு அந்தப் பயம் கிடையாது? அவள் "என்னங்க இது" என்றதுமே அந்தக் கை விலகியிருக்க வேண்டும். சந்தேகமே இல்லை. ஆனால் அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவனைத் தொட யாராவது அவனிடம் கேட்டார்களா? அந்த வயசிலும் ராசம்மா தெருவே பார்க்கக் கிணற்றடியில் நிறுத்தி அவனுக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார். மாமா வந்தால் கன்னத்தைக் கிள்ளுவார். முடி வெட்டும்போது அமுக்கிப் பிடிக்க ஆள் வரும். அவன் நெளிவான், முனகுவான். "பச்சப்புள்ளைங்க, அவனுக்கென்னங்க தெரியும்" என்று சிரிப்பார்கள். தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதை அவன் எங்கே போய்ப் பார்த்திருப்பான்?

மறுநாளே ஊர் பேச்சை மாற்றிவிட்டது. நேற்றுவரை பச்சப்புள்ளை. இன்றைக்கு, "வயசுப் பயலுங்க, எந்நேரம் என்ன பண்ணுவானோ!" அவன் எதிரிலேயே கூச்சமில்லாமல் சேலை மாற்றிய பெண்கள் அவனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். நூல் சுற்றிக் கொடுக்கப் பெண்கள் வருகிற நேரமெல்லாம் அவனைப் பின்கட்டில் போட்டுப் பூட்டினார்கள். ஜரிகைக் கடைக்குப் போவதும் நின்றது. குழந்தை, இல்லாவிட்டால் பொறுக்கி! நடுவில் சாதாரண வாலிபன் என்று ஒன்று இருக்கிறதே... அதை மட்டும் அவனுக்கு யாரும் தரவில்லை.

அவனுக்கு ஆசை இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். ஏன் இருக்கக்கூடாது? தங்கை சாந்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, "சாந்திக்குக் கல்யாணம். பழனிக்கு எப்பங்க?" என்று அப்பாவைக் கேட்டான். வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவன் பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

சாந்தி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருத்திதான் உருப்படியாக ஒரு காரியம் செய்தாள். பின்கட்டில் அவன் எதிரே நின்று தன் முந்தானையை நீட்டினாள். "சும்மா தொடக்கூடாதுண்ணா. 'தொடலாமாங்க'ன்னு கேக்கோணும். 'வேண்டாங்க'ன்னு சொல்லிட்டா கைய எடுத்துக்கோணும். யாரா இருந்தாலுஞ் செரி."

தினமும் இதே பாடம். ஒரு நேரம் "தொடுங்க" என்பாள், ஒரு நேரம் "வேண்டாங்க" என்பாள். முதலில் குழம்பினான். அப்புறம் பிடித்துக்கொண்டான். பிடித்தால் விடமாட்டானே! அப்பாவைக் கேட்டான், என்னைக் கேட்டான், எருமையைக் கேட்டான் – "தொடலாமாங்க?" எருமை பதில் சொல்லவில்லை என்று தொடாமலேயே திரும்பி வந்தான். நானும் சாந்தியும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் வேண்டுமென்றே "வேண்டாங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். சட்டென்று கை விலகிவிடும். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

சாந்தி அதோடு நிறுத்தவில்லை. "உன்னைய யாராச்சும் தொட்டு உனக்குப் புடிக்கலைன்னா, நீயும் சொல்லலாண்ணா" என்றாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த நாள் கிணற்றடியில் ராசம்மா சொம்பை எடுத்ததும், "வேண்டாங்க. நானே" என்றான். ராசம்மாவுக்குச் சிரிப்பு. ஊற்றிவிட்டார். மாமா கன்னத்துக்குக் கை நீட்டினார். "வேண்டாங்க." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெரியவங்களைப் பார்த்து வேண்டாங்கறான் பாருங்க!" பின்கட்டில் பூட்ட அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாங்க" என்று உதறினான். அப்பா தடுமாறி விழுந்தார். அவ்வளவுதான். "முத்திப் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறான்... அதற்குப் பெயர் பைத்தியம்!

அந்தச் சமயம் பார்த்து, சாந்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போன வாழப்பாடிக்காரர்கள் பஸ் விஷயத்தைக் கேள்விப்பட்டு இழுத்தடித்தார்கள். பழனியை எங்காவது கொண்டுபோய் விட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்களாம். தூரத்து ஊர் ஒன்றில், புத்தி சரியில்லாதவர்களைச் சங்கிலி போட்டு வைத்துக்கொள்கிற ஒரு இடத்தை யாரோ சொன்னார்கள்.

"என்ற கண்ணாலத்துக்காக அண்ணனைக் கொண்டுபோயி வுட வேண்டாங்கப்பா. எனக்கு அந்த மாப்பிள்ளையே வேண்டாம்" என்று சாந்தி அழுதாள். பெண் சொல்கிற வேண்டாமுக்கு மட்டும் அந்த வீட்டில் என்ன மரியாதை?

ஒரு காலையில் வாடகைக் கார் வந்தது. அப்பா, மாமா, டிரைவர் மூன்று பேரும் அவனைப் பிடித்தார்கள். நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். அவன் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சாந்தி சொல்லிக் கொடுத்த மாதிரியே, மரியாதையாக, "வேண்டாங்க" என்றான். சொல்லிவிட்டு அவர்கள் கைகளைப் பார்த்தான். எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் சொன்னான். மறுபடியும் பார்த்தான். அவர்கள் அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் அவன் மேல் பாசம் குறைவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

சாந்தியின் கல்யாணம் அந்த வாழப்பாடி மாப்பிள்ளையோடுதான் நடந்தது. அதெல்லாம் முடிந்த பிறகு அவனைக் கூட்டி வந்தார்கள். கணுக்காலில் தழும்பு. தறிப் பக்கம் போகவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. யார் தொட்டாலும் அசையாமல் நின்றான், பழைய முனகல்கூட இல்லை.

ராசம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாரு கண்ணு, என்ற சாமி எப்புடிக் கொணமாயிட்டான்னு. இப்பெல்லாம் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதில்லை."