வாலில் வைத்த மை

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் அந்த அம்மாள் பதினெட்டு ஆண்டுகளில் தவறு செய்ததில்லை, அன்று செய்தார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்கும் அமைப்புகள் இன்னும் முதிராத எலிக்குட்டிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே ஆய்வு. மருந்து பெற்ற குட்டிகளின் வாலில் அடையாளமாக வைத்திருந்த மையைத் தாய் எலி நக்கியே அழித்துவிட்டது. பயத்தில் அவர் குத்துமதிப்பாக மறுபடி மை வைத்துவிட்டார்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எலி மிரட்டிடுச்சா?" என்று சிரித்தார் அந்த ஆய்வை நடத்தும் பெண்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், இந்த முடிவை நம்பி யாரோ ஒரு குழந்தைக்கு அம்மருந்தைக் கொடுப்பார்கள்.

"மேடம், வால்ல இருந்த மையைத் தாய் எலி நக்கிடுச்சு, இப்ப இருக்கிறது நான் குத்துமதிப்பா வச்சது. எது எந்தக் குட்டின்னு எனக்கே தெரியாது."

சிரிப்பு நின்றது. "மூணு வார வேலை போச்சே அக்கா! வாங்க, பேராசிரியர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பேராசிரியரின் அறையை நோக்கி அந்த அம்மாள் முன்னால் நடந்தார்.