"மோசடி நடை" என்று வந்த மெசேஜ்

நடந்தால் பாயின்ட் தரும் ஆப் ஒன்றின் தமிழ் கஸ்டமர் கேரில் இருந்தேன். ஆபீஸ் பெங்களூரில், நான் வேலை பார்த்தது ஆரணியில், என் வீட்டு மாடியறையில். பாயின்ட் ஏறலை, கூப்பன் வரலை என்று நாளெல்லாம் டிக்கெட் வரும். எல்லாம் மறந்துபோச்சு, ஒன்றைத் தவிர.

அன்று பேசியவர் குரலை உயர்த்தவே இல்லை. பெயர் ஏழுமலை, பட்டு நெசவாளி, நம்ம ஊர்தான். மருமகன் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, இரண்டு குடும்பத்தையும் ஒரே குரூப்பில் சேர்த்திருக்கிறார். யார் எவ்வளவு நடந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இவர்தான் எப்போதும் முதல். ஒரு நாள் இவர் பெயருக்குக் கீழே சிவப்பில் "மோசடி நடை" என்று வந்துவிட்டது. போளூர் சம்பந்தி வீடு மொத்தமும் பார்த்துவிட்டது.

"பாயின்ட் போனா போவட்டும்மா. அந்த வார்த்தைய எடுத்துடுங்க. பொண்ணு குடுத்த வீடு அது."

அவர் கணக்கைத் திறந்தேன். காலடிக் கணக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, மேப்பில் ஆள் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. போனைக் கையில் வைத்து ஆட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வைத்த சிஸ்டம் அது. தறிச் சத்தத்தில் வளர்ந்த ஆரணிக்காரிக்கு இதுக்கு மேல் சொல்லணுமா? தறியில் உட்காரும்போது போன் எங்கே இருக்கும் என்று கேட்டேன். டவுசர் பாக்கெட்டில் என்றார். குழித்தறியில் குழிக்குள் இறக்கிய இரண்டு காலும் மாறி மாறி மிதியை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆப் அதை நடை என்று எண்ணியிருக்கிறது. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

"காலால மிதிக்கறதுதானேம்மா நடக்கறது? காலையிலேர்ந்து மிதிச்சிகினுதான் இருக்கேன்."

அவர் வீட்டுக்கே போய், தறியை வீடியோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். அவரும் தமிழர்தான். பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

"அது வாக்கிங் இல்லீங்க, வேலை. வேலைக்கெல்லாம் ரிவார்டு குடுக்க முடியாது."

ரிவார்டை யார் கேட்டது? வார்த்தையை எடுங்கள் என்றேன். அது சிஸ்டம் போடுகிற மெசேஜ், ஒருத்தருக்காக எடுக்க முடியாது, அவர் ஆப்பை அழித்தாலும் குரூப்பில் அப்படியேதான் நிற்கும் என்று டிக்கெட்டை மூடிவிட்டார். எனக்குப் பேஜாராகிவிட்டது. அழுகையும் வந்தது.

ஏழுமலையிடம் மழுப்ப மனசு வரவில்லை. ஆபீஸில் அதை நடை இல்லை, வேலை என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

"வேலைன்னு ஒத்துக்கினாங்க இல்ல? அப்ப அதையே அந்த குரூப்ல போடச் சொல்லும்மா."

எங்களிடம் ரெடிமேட் பதில்கள் நிறைய இருந்தன. வருத்தம் தெரிவிக்க மட்டுமே நாலைந்து விதம். அவர் கேட்டது அதில் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஒருவர் பெயருக்குக் கீழே எதையாவது போடுவதற்கு முன்னால், அதை எடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏழுமலை பெயருக்குக் கீழே அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் இருக்கிறது.