நாலு கேலன் தொட்டி

பின்னம் உள்ள சமன்பாட்டைப் பொது மடங்கால் பெருக்கும்போது ஒவ்வொரு உறுப்பையும் பெருக்க வேண்டும். பின்னமில்லாமல் தனியாக நிற்கும் எண்ணுக்கும் விலக்கு கிடையாது. இன்று காலை மூவார் டவுன் கடையில் வடை மடித்துத் தந்த பாடப்புத்தகத் தாளில் இந்த விதி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. வடை ஆறிப்போனது.

எனக்கோ புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. அவர் இறந்ததும் அந்த வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். வேலை எனக்குக் கிடைத்தால் குடியிருந்த தோட்டத்து வீடு எங்களிடமே இருக்கும். இல்லையென்றால் வருடக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

கேள்வி இதுதான்: தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்தின் ஒரு டிவிஷன் பால், நாலில் ஒரு பங்கு இன்னொரு டிவிஷன் பால், மேலும் இருபது கேலன் ஊற்றினால் நிரம்பும், தொட்டி எவ்வளவு கொள்ளும்? பன்னிரண்டால் எல்லாவற்றையும் பெருக்கி நாற்பத்தெட்டு என்று எழுதினேன். தலைமை ஆபீஸ் அனுப்பிய விடை நாலு. அங்கே எந்த மகானோ பின்னங்களைப் பெருக்கிவிட்டு இருபதை இருபதாகவே விட்டிருந்தார்.

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெரிய கிராணியிடம் போனேன்.

"ஐயா, இது நாலு கேலன் தகரம். இருபது கேலன் ஊத்திக் காட்டுங்க."

"அலமாக்! என்னா தம்பி, நக்கலா? மேலேருந்து வந்த விடை லா. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. எழுதிக் குடு, அனுப்புறேன்."

மூன்று பிரதி கொடுத்தேன். முறை தவறவில்லை.

அம்மா பானைகளைக் கட்டி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் அவிழ்த்துச் சமைப்பாள். "டேய், தபால் வந்துச்சா?"

"இல்லம்மா."

"சரியான கணக்குக்குப் பதில் சொல்ல இம்புட்டு நாளா? நெசமாச் சொல்லு, தப்பாத்தானே போட்டே?"

விளக்கடியில் மறுபடி போட்டுப் பார்ப்பேன். நாற்பத்தெட்டுதான் வரும். இருந்தாலும் இன்னொரு தாளை எடுப்பேன்.

புத்தாண்டுக்கு முதல் நாள் லாரி வந்தது. புதுக் கிராணியின் மனைவி அடுப்போடு வாசலில் நின்றார். அவர் கணவர் நாலு என்று எழுதியவர்.

"அவசரமில்லக்கா, மெதுவா எடுங்க."

"எடுத்தாச்சும்மா. கொல்லையில முருங்கை இருக்கு, தண்ணி ஊத்து," என்றாள் அம்மா. லாரியில் மூவார் வரை பானைக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இன்று அங்கே ரப்பர் இல்லை, செம்பனை. தொட்டி, ஸ்டோர், வீடு எதுவும் இல்லை. என் விடையே சரி, ஆனால் இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்ற தலைமை ஆபீசின் பதில், காலி செய்த அந்த வீட்டு விலாசத்துக்கு, நாங்கள் கிளம்பிய பிறகு, கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதனன்று வந்து, அங்கிருந்து மூவாருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.